விஜய் சூப்பரும் லாம்பிரட்டாவும்

மக்களே, இந்த முறை பழைய இரும்பு பற்றி ஒரு பதிவு. வண்டிப் பைத்தியம் இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும் :-)

லாம்பிரட்டா ஸ்கூட்டரின் பிறந்த ஊர் இத்தாலியில் இருக்கும் மிலன். அங்கே லாம்பிராத்தே என்ற பகுதியில் பெர்டினான்டோ இன்னொசென்டி என்பவர் இரும்புக் குழாய் தொழிற்சாலை வைத்திருந்தார். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து அது நாசம். போர் முடிந்ததும் சனங்களுக்கு மலிவாக ஒரு வண்டி தேவைப்பட்டது. மனுஷன் குழாய்க்காரர் ஆச்சே! குழாயை வைத்தே சேசிஸ் செய்து 1947-ல் முதல் லாம்பிரட்டாவை இறக்கினார். போட்டிக்கு நின்ற வெஸ்பாவுக்குத் தகடுதான் உடம்பு, எஞ்சின் வலது பக்கம் இருக்கும். லாம்பிரட்டாவுக்கு எஞ்சின் நடுவில்.

1970களின் தொடக்கத்தில் இத்தாலியில் லாம்பிரட்டா உற்பத்தி நின்றுபோனது. நம் அரசாங்கம் இயந்திரங்களையும் உரிமையையும் வாங்கி லக்னோவுக்குக் கொண்டுவந்தது. அதற்காக 1972-ல் தொடங்கியதுதான் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட். உள்ளூரில் விற்றதற்கு 'விஜய் சூப்பர்' என்று பெயர். வெளிநாட்டுக்குப் போனது 'லாம்பிரட்டா'. 1997-ல் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்தினார்கள். 2021-ல் நிறுவனத்தையே மூட மத்திய அரசு முடிவெடுத்தது.

இந்தக் கதை எதற்கு என்றால், ராஜகுளத்தில் எங்க பெரியப்பா வீட்டுத் திண்ணை ஓரமாக ஒரு விஜய் சூப்பர் நிற்கிறது. பட்டுநூலும் நெய்த புடவையும் காஞ்சிபுரத்துக்குப் போய் வந்தது அதில்தான். இப்போது முட்டி வலியால் அவரால் கிக்கரை உதைக்க முடியவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஒருத்தர் வந்து நல்ல விலை சொன்னார். பெயின்ட் அடித்து, விஜய் சூப்பர் என்ற பெயரை எடுத்துவிட்டு, லாம்பிரட்டா என்று மாட்டி விற்பாராம். அப்போதுதான் மவுசாம். தை மாசம் அக்காவுக்குக் கல்யாணம். பணம் தேவை என்பதும் நிஜம். பெரியப்பா "யோசிச்சு சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு விற்பதில் வருத்தம் இல்லை. பெயரை மாற்றுவதில்தான். இத்தாலி கைவிட்ட வண்டியை அதற்கப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் செய்தது லக்னோ தொழிலாளிகள். அதை ஓட்டிக் குடும்பம் நடத்தியது பெரியப்பா மாதிரி ஆட்கள். பெயரைக் கழற்றினால் இந்தப் பாதிக் கதை அப்படியே காணாமல் போய்விடும். இத்தாலி வண்டி என்று வாங்குகிறவனுக்கும் அது பொய்தானே?

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். சிரித்தார். "விக்கிறதுன்னு ஆயிட்டா அந்தப் பேரை நானே கழட்டி வெச்சிக்கிறேன்டா. வண்டி எந்தப் பேர்ல வேணா ஓடட்டும்."

எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. உங்க வீட்டு வண்டியாக இருந்தால் என்ன செய்வீங்க?