மூன்று மேசைக்கரண்டி தண்ணீர்

இஞ்சின் ‘ஃபிளட்’ ஆகிவிட்டது என்பதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. கனடாவில் மைனஸ் 30 டிகிரியில் ஒருவர் அப்படிச் சொன்னால், உள்ளே பெட்ரோல் அதிகமாகிவிட்டது என்று பொருள். கடுங்குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. திரவமாகவே போய் பிளக்கை நனைத்துவிடும். நனைந்த பிளக்கில் தீப்பொறி வராது. லாபிஸில் விடியற்காலை 22 டிகிரி என்றாலே நமக்குப் போர்வை வேண்டும். இங்கே ஃபிளட் என்றால் தண்ணீர்தான்.

ஆனாலும் பெட்ரோல் வெள்ளம் நமக்கும் தெரியாததல்ல. கார்புரேட்டர் காலத்து வண்டி வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழை பெய்த காலையில் வண்டி எடுக்காது. எரிச்சலில் ஆக்சிலரேட்டரை நாலு தடவை மிதிப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் கார்புரேட்டர் கொஞ்சம் பெட்ரோலை உள்ளே பீய்ச்சும். வாசம் மூக்கைத் துளைக்கும். அதற்கு வைத்தியமும் அவர்களுக்கே தெரியும்: ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு அப்படியே வச்சுக்கிட்டு ஸ்டார்ட் அடிக்கணும். காற்று நிறையப் போகும், அதிகப்படியான பெட்ரோல் வெளியேறும், வண்டி இருமிக்கொண்டே உயிர் பெறும். இன்றைய இஞ்செக்‌ஷன் கார்கள் பலவற்றிலும் இதே வழிதான். பெடல் முழுதாக அழுந்தியிருந்தால், ஸ்டார்ட் அடிக்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும்.

இந்தப் பழக்கம்தான் 2023 மார்ச்சில் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

அந்த மாதம் ஜொகூரில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள். செகாமட், லாபிஸ், யோங் பெங், பத்து பகாட் எல்லாம் தண்ணீர். 2006 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்களே, “இது வேற மாதிரி” என்றார்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் வீட்டைப் பார்த்தார்கள், அடுத்து வண்டியை.

பக்கத்து வரிசையில் ஒரு மாமா ஃபேக்டரி ஆட்களை ஏற்றும் பழைய நிசான் வேனெட் வைத்திருந்தார். சீட் வரைக்கும் சேறு. அந்த வேனில் இஞ்சினே முன் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. சாவியோடு நின்றார்.

“ஒரு தடவ அடிச்சுப் பாத்துடலாம் தம்பி. முழுசா மிதிச்சு அடிச்சா எடுத்துரும்.”

“வேணாம் மாமா. இது பெட்ரோல் இல்ல, தண்ணி.”

“ரெண்டு நாளு ஓடலன்னா வேற வேன் வச்சிருவான்யா.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்கு மட்டும் இருந்தது. 1500 சிசி இஞ்சின், நான்கு சிலிண்டர். ஒன்றுக்கு 375 சிசி. சுருக்க விகிதம் 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறக்குறைய 47 சிசி. அதாவது மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் போக இடமில்லை. பெட்ரோல் கலந்த காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. அதிர்ஷ்டம் இருந்தால் ஸ்டார்ட்டர் ‘டக்’ என்று நின்றுவிடும். பக்கத்துச் சிலிண்டரில் எதாவது பற்றிக்கொண்டால், அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும். அப்புறம் இஞ்சினையே இறக்க வேண்டியதுதான். நிறுத்திய வண்டிதானே என்ற ஆறுதலும் செல்லாது. ஏர் ஃபில்டர் மூழ்கினால், திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் தானாகவே இறங்கும்.

கரண்டிக் கணக்கில் சொன்னதும் மாமா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போமனுக்கு அன்று ஏகப்பட்ட வண்டிகள். மறுநாள் மாலைதான் வந்தார், சீனர். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். மினியாக் ஹீத்தாம் தே தாரிக் நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். (ஆட்டோ கியர் வண்டியாக இருந்தால் கியர் எண்ணெய் சிராப் பண்டோங் நிறத்துக்கு மாறியிருக்கும்.) எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றினார். நாலு பிளக்கையும் கழற்றினார். இக்னிஷன் கம்பியைப் பிடுங்கி வைத்துவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, வேறு பேட்டரி கொடுத்துச் சுற்றினார். மூன்றாவது துவாரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் கூரை வரை பீய்ச்சியது.

யாரும் எதுவும் பேசவில்லை. மாமா மட்டும், “மூணு கரண்டிக்கு மேலதான் இருக்கும் போல” என்றார்.

சிலிண்டர்களில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கார்புரேட்டரைக் கழுவி, டாங்கிப் பெட்ரோலை மாற்றி, நான்காம் நாள் வேன் எடுத்தது. சிறிது நேரம் ஓடவிட்டு எண்ணெயை மறுபடி மாற்றினார். இரண்டு நாள் என்ற கெடு தாண்டியிருந்தது. ஃபேக்டரியில் பாதி ஆட்களும் வெள்ளத்தில் மாட்டியிருந்ததால் வேலை தப்பியது. அது எங்கள் சாமர்த்தியம் இல்லை. அதே தெருவில் இன்னொரு காடிக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஒரே ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

அவரை அவசரக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சம்பளம் நாள் கணக்கில் வருகிறவருக்கு ‘காத்திரு’ என்பது காசு கேட்கிற யோசனை. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் இன்சூரன்சில் வெள்ளம் சேராது. ‘ஸ்பெஷல் பெரில்ஸ்’ என்று தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். பழைய வண்டிகள் பலவற்றுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும்தான் இருக்கும். அந்த வண்டிகளுக்குப் பாதுகாப்பு என்று இருப்பது, திருகாத சாவி ஒன்றுதான்.

அதனால் ரோட் டெக்ஸ் புதுப்பிக்கும்போது அந்தக் கூடுதல் தொகை எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். மழை விடாமல் பெய்தால் வண்டியை முதல் நாளே மேட்டில் நிறுத்துங்கள். அதையும் மீறி மூழ்கிவிட்டால், எத்தனை பேர் சுற்றி நின்று “ஒரு தடவ அடிச்சுப் பாரு” என்றாலும், முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள்.