கம்பி கட்டின கதை

என் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "மாப்பிள்ளைக்குப் பொண்ணைப் பிடிக்கலையா?" ஒரு போட்டோவில்கூட நான் சிரித்திருக்க மாட்டேன். பெண்ணை ரொம்பவே பிடித்திருந்தது. என் தெத்துப்பல்லைத்தான் பிடிக்கவில்லை. சிரிப்பு வந்தால் வலது கை தானாக எழுந்து வாயை மூடிவிடும். சின்ன வயசுப் பழக்கம்.

அந்தப் பல் அப்படியே என் மகளுக்கு வந்தது. அவளும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். 2022-ல், 13 வயதில், "அப்பா, எனக்குப் பல்லுக்கு க்ளிப் போடணும்" என்று அவளே கேட்டாள். மறுபேச்சு பேசவில்லை. டாக்டரம்மா செலவைச் சொன்ன பிறகுதான் பேச்சே நின்றுபோனது.

க்ளிப் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அது ஒரே சாமான் இல்லை. பல்லின் மேல் பசை வைத்து ஒட்டும் குட்டி பிராக்கெட், அதன் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் உட்காரும் கம்பி. ஆரம்பத்தில் போடுவது பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்து, 1970-களில் பல் வைத்தியத்துக்கு வந்த உலோகம். எப்படி வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கோணல் பல்லோடு சேர்த்துக் கட்டினால், திரும்பும்போது பல்லையும் மெதுவாக இழுத்துக்கொண்டு வரும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல வேகம்.

கம்பி பள்ளத்தை விட்டு வெளியே வராமல் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். அதைப் பிடித்து வைக்க மூன்று வழிகளை, ஒரு பிளாஸ்டிக் தாடையை மேஜையில் வைத்து டாக்டரம்மா காட்டினார்.

முதல் வழி, ரப்பர் வளையம். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு. பிராக்கெட்டின் நாலு மூலையிலும் மாட்டிவிட்டால் கம்பியை அமுக்கிப் பிடிக்கும். நொடியில் மாட்டலாம், எல்லா கலரிலும் கிடைக்கும். ஆனால் ஒரே நாளில் இழுவிசையில் பெரும்பகுதி போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு விசிட்டிலும் மாற்றுகிறார்கள்.

இரண்டாவது, மெல்லிய எவர்சில்வர் கம்பி. கட்டட வேலையில் முறுக்குக் கம்பிகளைக் கட்டுக்கம்பி போட்டு முறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வேலைதான், வாய்க்குள். சுற்றி, முறுக்கி, வெட்டி, மிச்ச வாலை உள்ளே மடக்கி விடுவார்கள். பிடி உடும்புப்பிடி. ஒவ்வொரு பல்லாகக் கட்ட நேரம் பிடிக்கும்.

மூன்றாவதில் கட்டுகிற வேலையே கிடையாது. பிராக்கெட்டிலேயே குட்டிக் கதவு; கம்பியை வைத்துச் சாத்திவிடலாம். புது யோசனை என்று நினைத்தேன். நியூயார்க்கில் ஸ்டோல்சன்பர்க் என்ற டாக்டர் 1935-லேயே கட்டு வேண்டாத பிராக்கெட்டைச் செய்திருக்கிறார்.

கதவு வைத்தது அந்த க்ளினிக்கில் 30 ஆயிரம் அதிகம். ரப்பரே போதும் என்று சொல்லிவிட்டேன். அப்பா குரலில் சொன்னதாக நினைப்பு. வெளியே வந்தது பாக்கெட்டின் குரல். ஆபீஸ் நண்பர் தன் பையனுக்குக் கதவு வைத்ததைப் போட்டதாகச் சொன்ன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை வளையம் கேட்டு வாங்கினாள். மறுநாளே அம்மா வைத்த சாம்பார், வளையத்தை மஞ்சளாக்கிவிட்டது. நம் வீட்டு மஞ்சளுக்கு ரப்பர் என்றால் அவ்வளவு இஷ்டம்! ஒரு மாசம் தயிர்சாதம், கூடவே கை இன்னும் இறுக்கமாக வாயில். (உங்கள் வீட்டில் யாருக்காவது போடுவதாக இருந்தால் கரும்பச்சை, கருநீலம், சாம்பல் என்று அடர்த்தியான கலரைக் கேளுங்கள்.)

மூன்றாவது விசிட்டில், ஒரு பல் மட்டும் திரும்பியே நிற்கிறது, ரப்பரின் பிடி போதவில்லை என்று சொல்லி அதற்கு மட்டும் எவர்சில்வர் கட்டு போட்டார்கள். அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அறைக் கதவு தட்டப்பட்டது. கம்பியின் வால் உதட்டைக் குத்தி ரத்தம். இப்படி ஆகலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். புதுப் பென்சிலின் பின்பக்க ரப்பரால் வாலை மெதுவாக உள்ளே தள்ளி, மேலே மெழுகை வைத்தேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் பென்சில். நடுங்கியது நான்தான்.

"என்னாலதானேம்மா உனக்கு இந்தப் பல்லு" என்றேன்.

"பல்லுக்காக இல்லப்பா. நீங்க எப்பவும் கை வெச்சுத்தானே சிரிப்பீங்க. சின்ன வயசுல, அப்படித்தான் சிரிக்கணும்னு நெனச்சிட்டேன்."

அன்றைக்கும் தூக்கம் வரவில்லை. ஆனால் 30 ஆயிரம் ரூபாய் காரணம் இல்லை.

அந்த ரூபாய் விஷயத்தையும் முடித்துவிடுகிறேன். கதவு பிராக்கெட் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2010-ல் அலசிப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் நாற்காலியில் உட்காரும் நேரம் சில நிமிஷம் குறைகிறது. மொத்த சிகிச்சைக் காலம் குறைவதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எதால் கட்டினாலும், எலும்பு கரைந்து மறுபடி வளர்வதற்கு அதன் நேரத்தை அது எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. முப்பதாயிரம் இல்லையே என்று என்னைப் போல நீங்களும் குமைய வேண்டாம்.

2024-ல் எல்லாவற்றையும் கழற்றினார்கள். பல் வரிசையாக நின்றது. பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க ரிடெய்னர் கொடுத்தார்கள். க்ளினிக் வாசலில் அவளைச் சிரிக்கச் சொன்னேன். சிரித்தாள். கை எழுந்தது!

இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். யாருடைய கை வாய்க்குப் போனாலும் அடுத்தவர் அதைத் தட்டிவிட வேண்டும். ஆரம்பத்தில் நாளைக்கு இருபது அடியாவது வாங்கினேன். போன மாசம் மச்சினன் மகள் கல்யாணத்தில் குரூப் போட்டோ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெத்துப்பல் தெரிய, முழுசாகச் சிரித்துவிட்டேன்.

போட்டோகிராபர் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிதான், "கல்யாண ஆல்பத்தை மறுபடி எடுத்துடலாமா?" என்றாள்.