ரவுட்டரின் பூர்வீகம்

ஜவ்வாது மலையில் காவலூர் என்றதும் நினைவுக்கு வருவது வைணு பாப்பு வானாய்வகம். 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்த மலையில் கிடைத்ததோ வேறொரு கேள்வி. ஜமுனாமரத்தூரில் தெரிந்தவர் வீட்டில் புதிதாக ரவுட்டர் வைத்திருந்தார்கள். கூடத்தில் பாய்ந்த நெட், சமையலறையில் படுத்துவிட்டது. "இதையெல்லாம் யாருதான் கண்டுபிடிச்சாங்களோ!" என்று அலுத்துக்கொண்டார் வீட்டுக்கார அம்மா.

அதைத் தேடப் போனால், முதலில் எதிர்ப்படுபவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். டார்பிடோவுக்கு அனுப்பும் ரேடியோ சைகையை எதிரி குலைக்காதபடி, அலைவரிசைக்கு அலைவரிசை தாவும் முறை ஒன்றுக்கு 1942இல் காப்புரிமை பெற்றார். கூட்டாளி, ஜார்ஜ் ஆன்தீல் என்ற இசையமைப்பாளர். தாவும் உத்தி புளூடூத்தில் இருக்கிறது. 1997இல் வந்த முதல் வைஃபை தரநிலையிலும் ஒரு வழிமுறையாக இடம்பெற்றது. இன்றைய ரவுட்டர் அப்படித் தாவுவதில்லை. கதை அருமை, ஆனால் தடம் அங்கே நிற்கவில்லை.

அடுத்த தடம் கல்லாப்பெட்டிக்குப் போகிறது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கியிருந்த அலைவரிசைகளை, உரிமம் இல்லாமல் தகவல் அனுப்பவும் பயன்படுத்தலாம் என்று 1985இல் அமெரிக்கா திறந்துவிட்டது. கடைகளின் கல்லா இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க என்.சி.ஆர். நிறுவனம் முனைந்தது. அதன் நெதர்லாந்துப் பிரிவைச் சேர்ந்த விக் ஹேய்ஸ், 1990 முதல் பத்தாண்டுகள் வைஃபை தரநிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அடுப்பு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறுவது, இருவரும் ஒரே மனையில் குடியிருப்பதால்தான்.

மூன்றாவது தடம் வானத்துக்கே ஏறுகிறது. சிறிய கருந்துளைகள் வெடித்து மறையலாம் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் சொன்னார். அந்த வெடிப்பின் ரேடியோ துடிப்பைத் தேடியவர்களில் ஒருவர் ஜான் ஓ'சல்லிவன். துடிப்பு எதுவும் சிக்கவில்லை. 1978இல் அதையே கட்டுரையாக வெளியிட்டார்கள். விண்வெளியைக் கடந்து வரும் துடிப்பு இழுபட்டு மங்கிப்போகும். அதை மீட்கும் கணிதம் மட்டும் அவர் கைவசம் தங்கியது.

பின்னர் ஆஸ்திரேலிய அரசின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வகத்தில் அதே தொல்லையை ஓர் அறைக்குள் சந்தித்தார். சுவர், பீரோ, மேசை எல்லாவற்றிலும் பட்டு எதிரொலிக்கும் அலைகள் முன்னும் பின்னுமாக வந்து ஒன்றையொன்று குழப்பின. மலைப் பள்ளத்தாக்கில் வேகமாகப் பேசினால் எதிரொலியில் சொற்கள் கலந்துவிடும் அல்லவா? ஓ'சல்லிவனின் குழு தகவலைப் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து அனுப்பியது. எதிரொலி அடங்க அவகாசம் கிடைத்தது. 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னாளில் கணினி நிறுவனங்கள் அதற்காகக் கொடுத்த தொகை 40 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது.

அதற்காக அவரையே வைஃபையின் தகப்பன் என்றால் ஏற்பதற்கில்லை. பல ஓடைகளாகப் பிரிக்கும் முறையை பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் 1966லேயே எழுதிவிட்டார். இது பலர் சேர்ந்து வளர்த்த பிள்ளை.

எதிரொலிக்கு மருந்து கிடைத்தது. தடித்த சுவருக்குக் கிடைக்கவில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆகவே ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில் வையுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் குற்றம் வைஃபையில் இல்லை, கம்பியில் ஒளி வரவில்லை. ஒயர் மடங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லைன்மேனைக் கூப்பிடுங்கள்.