பார்த்துவிட்டு உரித்தாள்

நாக்கு மீனுக்கென்று ஒரு வாடை உண்டு, வஞ்சிரத்திலும் வவ்வாலிலும் இல்லாத சேற்று வாடை, காலமெல்லாம் கடலடி வண்டலில் படுத்துக் கிடக்கும் மீன் வேறெப்படி மணக்கும், அது மூக்கில் ஏறிவிட்டால் தரங்கம்பாடியில் அப்பாயி வீட்டுக் கொல்லையும், தென்னங்கீற்று வழியே கிணற்றடியில் துண்டுதுண்டாக விழும் வெயிலும், அதில் அரிவாள்மணையைப் போட்டு அவள் உட்கார்ந்திருப்பதும் கூடவே வந்துவிடும்.

அப்பாயி எடுத்ததும் அறுக்கமாட்டாள், மீனை உள்ளங்கையில் கிடத்தி முதலில் பழுப்பேறிய மேல்பக்கத்தைப் பார்ப்பாள், அங்கேதான் பொடிக்கண் இரண்டும் ஒட்டினாற்போல் இருக்கும், புரட்டினால் வெளுத்த அடிப்பக்கத்தில் கண்ணுமில்லை நிறமுமில்லை, முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு சேர்ந்து ஒரே விளிம்பாக ஓட, வாய் மட்டும் கொக்கியாக வளைந்து கோணியிருக்கும். "யாரையோ பழிச்சுக் காட்டிச்சாம்டா, மூஞ்சி அப்படியே நின்னுபோச்சாம்" என்று சொல்லிக்கொண்டே விரலில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு, தலைப்பக்கம் லேசாகக் கீறி, வால்வரைக்கும் ஒரே இழுப்பில் தோலை உரித்துவிடுவாள், அந்தப் பொடிச் செதிலின் விளிம்பில் முள் உண்டு, விட்டுவைத்தால் குழம்பில் நறநறக்கும்.

வெகுகாலம் கழித்துப் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில், பார்மலின் நெடிக்கு நடுவே ஒரு முதிய ஊழியர், மூக்குக்கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு புட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்திக் காட்டினார், உள்ளே நூல்கனத்தில் ஒரு குஞ்சு, பக்கத்துக்கொரு கண். இந்த வயதில் எல்லா மீனையும்போல நிமிர்ந்துதான் நீந்தும், வளர வளர வலக்கண் நகர்ந்து இடப்பக்கம் போய்ச் சேரும், பிறகுதான் தரையில் சாயும் என்றார். பரிணாமத்திலும் கண் இப்படிப் படிப்படியாகத்தான் நகர்ந்ததென்றால் பாதி நகர்ந்த கண்ணால் என்ன லாபம் என்று விலங்கியலாளர் மைவர்ட் மடக்க, டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1872 பதிப்பில் பதில் எழுத வேண்டியிருந்தது, 2008இல் தொல்லுயிரியலாளர் மேட் ஃப்ரீட்மன் இத்தாலியின் மோன்டே போல்காவில் கிடைத்த, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழைய புதைபடிவங்களில், கண் மேலேறியும் உச்சியைத் தாண்டாத வளர்ந்த மீன்களையே காட்டிவிட்டார், அப்பாயி சொன்ன நின்றுபோன மூஞ்சியும் ஒருகாலத்தில் கடலில் நீந்தியிருக்கிறது.

இன்றைக்குக் குளிரூட்டிய கடையில் அதே மீன் தோலும் தலையும் போய், பிளாஸ்டிக்குக்குள் வெள்ளைத் துண்டாக, எந்த வாடையும் இல்லாமல் கிடக்கிறது, எது மேல்பக்கம் எது அடிப்பக்கம் என்று யாருக்கும் தெரியவேண்டியதில்லை. உரித்து விற்பதில் குற்றமில்லை, அப்பாயியும் உரித்தாள்தான், ஆனால் பார்த்துவிட்டு உரித்தாள். அதனால் நான் இப்போதெல்லாம் முழு மீனாகக் கேட்டு வாங்குகிறேன், கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போக, கல்லுப்பைத் தொட்டுத்தான் உரிக்க வேண்டியிருக்கிறது, பாதியில் தோல் கிழிந்துவிடுகிறது, மறுபடி தலையிலிருந்து தொடங்க வேண்டும்.