துருவும் தழும்பும்

தியானப் பகுதி: ஆதியாகமம் 32:24 – 33:11, யோவான் 20:19–29



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியில் உள்ள இரும்புக்கெல்லாம் சோதனைக்காலம். ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு நம் ஊருக்குள் இறங்குகிறது. பேரருவியில் தண்ணீர் விழுகிறதா, ஐந்தருவியில் குளிக்க அனுமதி உண்டா என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்கையில், வாயிற்கதவின் கீலும் மிதிவண்டிச் சங்கிலியும் மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் மெல்லச் சிவக்கின்றன. இந்த வாரம் அந்தத் துருவைப் பற்றியும், பார்வைக்குத் துருவைப் போலவே தோன்றும் வேறொன்றைப் பற்றியும் உங்களோடு தியானிக்க விரும்புகிறேன்.

குருமனையின் பின்புறக் கொட்டகையில் சில மாதங்களாக நின்ற பழைய ஜீப்பை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1989இல் தயாரான மகிந்திரா எம்.எம். 540 அது. நம் சபையின் மூப்பராயிருந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்த ஒருவர், மேக்கரையில் இருந்த தம் தென்னந்தோப்புக்கு அதை ஓட்டிச் சென்றுவந்தார். அவர் மறைந்தபின் ஒன்பது ஆண்டுகள் அது ஓர் ஓலைக் கொட்டகையில் அசையாமல் நின்றது. சொத்துப் பிரிவினையில் இரண்டு மகன்களுக்கும் மனத்தாங்கல். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. ஜீப்பை ஒருவர் எடுக்க மற்றவர் விடவில்லை. இருவருமே அதைப் பழுதுபார்க்கவும் இல்லை. சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகை முடிந்த வாரத்தில் அவர்களுடைய வயது முதிர்ந்த தாயார் என்னிடம் வந்து, “ஐயா, இதை உங்க இடத்துல வச்சு சரிபண்ணுங்க. ரெண்டு பேரும் அங்க வரட்டும்” என்றார். என் தகப்பனார் பேருந்துப் பணிமனைத் தொழிலாளி என்பதால் ஸ்பேனர் பிடிக்கும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதலே உண்டு. அந்தக் குடும்பத்தாரின் ஒப்புதலோடே இதை எழுதுகிறேன்.

ஜீப்பின் வரலாறே ஒரு தியானத்துக்குரியது. இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்க இராணுவம் கேட்டதன்பேரில் 1940இல் முதல் மாதிரி வண்டி உருவாயிற்று. போர் முடிவதற்குள் வில்லிஸ், ஃபோர்டு என்னும் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. 1947 முதல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை நம் நாட்டில் கோத்துத் தரத் தொடங்கியது. துப்பாக்கி சுமக்கப் பிறந்த வண்டி, தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றியது. மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து பிரசவ வேதனையில் இருந்த தாய்மாரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தது. பட்டயங்கள் கலப்பைக் கொழுக்களாவதை ஏசாயா கண்ட தரிசனத்தின் ஒரு சிறு சாயல் இதில் உண்டு. ஆயினும் அதன் தட்டையான முகமும் கட்டையான உடலும் போர்க்களத்தில் வாங்கிய உருவம்தான். வேலை மாறியது, பிறப்பின் அடையாளம் மறையவில்லை.

வேலை எளிதாயிருக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் நின்ற இயந்திரம் இறுகிப்போயிருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, பிறகு கையாலேயே சிறிது சிறிதாகச் சுழற்றினோம். டீசல் தொட்டியில் கசடு. வயர்களை எலி கடித்திருந்தது. பிரேக்கின் ரப்பர் யாவும் கல்லாகியிருந்தன. கமான் பட்டைகளைக் கழற்ற ஒவ்வொரு போல்ட்டோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. துருவேறிய போல்ட்டை வலுவாகத் திருகினால் அது கழலாது, முறிந்துவிடும். எண்ணெய் விட்டு, சூடு காட்டி, மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். சில உதிரிபாகங்கள் மதுரையிலும் சில சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைத்தன. சேஸிஸ் எண் பொறித்த இடத்தை மட்டும் யாரும் கிரைண்டரால் தொடவில்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தோம். பதிவுச் சான்றிதழில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்திருந்தால்தானே அது அந்த வண்டி!

சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் வருவார், தம்பியும் வருவார். முதல் இரண்டு மாதங்கள் அவர்கள் என்னோடு பேசினார்கள், ஒருவரோடொருவர் பேசவில்லை. “அந்தப் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுக்கச் சொல்லுங்க ஐயா” என்று அண்ணன் என்னிடம் சொல்வார். ஸ்பேனரோ தம்பியின் கையில் இருக்கும்.

கடையநல்லூரிலிருந்து வந்த டிங்கர் வேலைக்காரர் ஒருநாள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தரையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். மேலே வண்ணம் நன்றாயிருந்தது. தட்டிய ஓசை மட்டும் மந்தமாயிருந்தது. உளியை வைத்து நெம்பியதும் பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே தகடே இல்லை. சிவந்த பொடிதான் இருந்தது. என்றோ ஒரு காலத்தில் யாரோ துருவின்மேல் பட்டி பூசி, உப்புத்தாள் தேய்த்து, வண்ணம் அடித்திருக்கிறார்கள். துருவின் இயல்பு அப்படிப்பட்டது. அது தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். செதிலாக உரிந்து, அடியில் உள்ள புது இரும்பை ஈரத்துக்குத் திறந்துவிடும். மூடி வைத்தால் நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் தொடரும். அதற்குச் செய்யக்கூடியது ஒன்றே: நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்து, ரெட் ஆக்சைடு அடிப்பது. வெட்டிய துவாரம் பார்த்த துவாரத்தைவிட எப்போதும் பெரியதாகவே இருக்கும்.

சாரமற்ற சாந்து பூசிய சுவரைப் பற்றி எசேக்கியேல் 13ஆம் அதிகாரம் பேசுகிறது. மழை வந்ததும் சுவர் விழுகிறது. சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொல்லி ஜனத்தின் காயத்தை மேலோட்டமாகக் குணமாக்கியவர்களை எரேமியாவும் கடிந்துகொள்கிறார். இந்தச் சகோதரர்களுக்கும் அப்படியொரு பட்டி பூசப்பட்டிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் கூடி, “பழசையெல்லாம் மறந்துடுங்க” என்று கைகுலுக்க வைத்து, பிரியாணி போட்டு அனுப்பினார்கள். ஒரு மாதம்கூட அது தாங்கவில்லை. தகப்பனாரின் கடைசி நாட்களில் மருத்துவமனைச் செலவை யார் எவ்வளவு ஏற்றார் என்ற கேள்வியை அன்று ஒருவரும் திறக்கவில்லை.

தரைத்தகட்டை வெட்டி எடுத்த அன்று அந்தத் துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த தம்பி, “ஐயா, அந்தக் கணக்கு நோட்டைக் கொண்டுவரட்டுமா?” என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை கொட்டகைப் பலகையில் அமர்ந்து இருவரும் வரிவரியாகப் பார்த்தார்கள். குரல்கள் உயர்ந்தன. ஒருமுறை அண்ணன் எழுந்து வெளியேறி, அரைமணி நேரம் கழித்துத் திரும்பினார். முடிவில், தாம் தம்பிக்குத் தரவேண்டிய ஒரு தொகை உண்டென்று அவரே ஒத்துக்கொண்டார். சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்த நாளில் அவன் வாயில் கணக்கும் வந்ததை லூக்கா மறவாமல் எழுதியிருக்கிறார். மன்னிப்பு கணக்கைக் கண்டு அஞ்சுவதில்லை.

துரு வெட்டப்பட்டது. அதன்பின் எழுந்த கேள்வி வேறு. இடது மட்காட்டில் ஆழமான ஒரு நெளிவு. டிங்கர் வேலைக்காரர், “இதை எடுக்கட்டுமா, விடட்டுமா?” என்றார். புதுவண்டி போல ஆகட்டும், எடுத்துவிடுங்கள் என்றார் அண்ணன். தம்பி கூடாதென்றார். 1992 நவம்பர் வெள்ளத்தில், கொட்டும் மழையில், தோப்புக் காவல் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு தகப்பனார் இருளில் வந்தபோது பாலச்சுவரில் இடித்த நெளிவு அது. பதினொரு வயதுத் தம்பி அப்போது முன்னிருக்கையில் இருந்தார். அண்ணன் பாளையங்கோட்டையில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு அது தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிய இரவு. மற்றவருக்கு அது வெறும் அடிபட்ட தகடு. அந்த இரவின் கதையை அண்ணன் முழுமையாகக் கேட்டது அன்றுதான் முதன்முறை. கேட்டு முடித்து, “அப்பா எங்கிட்ட இதச் சொல்லவே இல்லையேடா” என்றார். ஒன்பது ஆண்டுகளில் அவர் தம்பியை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் என்று நினைக்கிறேன். கணக்கைக்கூட அவர்கள் நோட்டைப் பார்த்தே பேசியிருந்தார்கள்.

டிங்கர் வேலைக்காரர் தம் தொழில்மொழியில் எனக்கொரு பிரசங்கம் செய்தார்: “துரு தின்னுக்கிட்டே இருக்கும் ஐயா. அடி அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. கீறல்ல ஈரம் இறங்காம பிரைமர் அடிச்சுட்டா, அது பாட்டுக்கு இருக்கும். ரொம்ப தட்டினா தகடு நீண்டு மெலிஞ்சுபோகும்.” நெளிவைச் சுத்தம் செய்து, வண்ணம் அடித்து, அப்படியே விட்டோம்.

பிரியமானவர்களே, யாக்கோபின் கதையை இதோடு சேர்த்து வாசியுங்கள். யாப்போக்கு ஆற்றங்கரையில் அவன் புதுப் பெயர் பெறுகிறான். ஆனால் தொடைச்சந்து சுளுக்கிய கால் சரியாகவில்லை. நொண்டிக்கொண்டே சென்று அண்ணன் ஏசாவைச் சந்திக்கிறான். ஏசாவோ ஓடிவந்து தழுவிக்கொள்கிறான். நொண்டும் கால் அந்தத் தழுவலைத் தடுக்கவில்லை. இவற்றையெல்லாம்விடப் பெரிய சான்று யோவான் 20இல் உண்டு. மரணத்தை வென்று எழுந்த சரீரம் அது. பூட்டிய அறைக்குள் வரவல்லது. அந்தச் சரீரத்தில் ஆணிகளின் அடையாளத்தை அழிப்பது பிதாவுக்கு அரிதா? அழிக்கவில்லை. அந்தத் தழும்பைக் கண்டே சீஷர்கள் சந்தோஷப்பட்டார்கள். அதைக் கண்டே தோமா அறிக்கையிட்டான். சிலுவையின் வேதனை முடிந்துபோனது. அது நடந்ததென்னும் சாட்சி நின்றது.

ஆகவே இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்கள் உள்ளத்தில் உள்ள பழைய காயம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அது இன்னும் தின்றுகொண்டிருக்கிறதா, அல்லது முடிந்து ஆறிவிட்டதா? இன்றும் தூக்கத்தைக் கெடுக்கிறது, இன்றும் பிள்ளைகள்மேல் கோபமாகப் பாய்கிறது என்றால் அது துரு. “விட்டுக்கொடுத்துப் போ” என்னும் பட்டி அதன்மேல் வேண்டாம். யாரேனும் உங்களை இன்னமும் அடித்தும் அவமதித்தும் வருகிறார்களானால், அதைப் பொறுமையின் பெயரால் மூடாதீர்கள். வெளியே சொல்லுங்கள், உதவி தேடுங்கள், குருமனைக் கதவைத் தட்டுங்கள். ஆறிப்போன தழும்பாயிருந்தாலோ, அதைத் தட்டித் தட்டி உங்களை மெலிய வைத்துக்கொள்ள வேண்டாம். விதவையான சகோதரி இன்றும் பழைய பாட்டைக் கேட்டுக் கண்கலங்கினால், அவள் விசுவாசத்தில் குறைவுள்ளவள் ஆகமாட்டாள்.

ஜீப் இப்போது ஓடுகிறது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதுவும் முடிந்தது. சகோதரர்களின் வழக்கு இன்னும் முடியவில்லை. சமரச மனுவுக்காக அடுத்த தவணைக்கு இருவரும் ஒன்றாகப் போகவிருக்கிறார்கள். அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். சென்ற திருவிருந்து ஆராதனையில் அவர்கள் ஒரே வரிசையில் முழங்காற்படியிட்டதை நீங்களும் கண்டீர்கள்.

ஜெபம்: ஆறின தழும்புகளோடு எழுந்த ஆண்டவரே, எங்களுக்குள் மறைந்து தின்னும் துருவை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்தருளும். நீர் ஆற்றிய காயங்களின் அடையாளத்தை வெட்கமின்றிச் சுமக்க எங்களுக்குத் தைரியம் தாரும். பிரிந்து நிற்கும் சகோதரரை ஒன்றுசேர்த்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.