ஆயுள்னா எத்தனை வருஷம்?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது எதிர்வீட்டு அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். "தம்பி, நீ பி.காம்தானே படிக்கிற? மாமா எப்ப வருவாருன்னு கணக்குப் போட்டுச் சொல்லுய்யா."

ஒரு கூட்டல், ஒரு கழித்தல், இதற்கு எதற்கு பி.காம் என்று பேனாவை எடுத்தேன். மாட்டிக்கொண்டேன்!

கதை இதுதான். எங்கள் ஊர் திருவையாறு பக்கம். 2010 சம்பா சமயம், ராத்திரி மடை திறக்கிற தகராறு. மாமா கையில் மண்வெட்டி இருந்தது. பக்கத்து வயல்காரர் செத்துப்போனார். எனக்கு அப்போது ஆறு வயசு. 2013 மார்ச் 11-ல் ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மாமா திருச்சி மத்திய சிறையில்.

ஊரில் யாரைக் கேட்டாலும் "ஆயுள்னா பதினாலு வருஷம்ப்பா" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சினிமா சொல்லிக்கொடுத்த சட்டம்! உண்மையில் ஆயுள் என்றால் ஆயுள்தான், சாகும்வரை. காந்தி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே, தண்டனைக் குறைப்பு நாட்களையும் சேர்த்தால் 20 வருஷம் முடிந்துவிட்டது, என்னை விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1961-ல் நீதிமன்றம் முடியாது என்றது. அந்த 20 வருஷம், தண்டனையில் பாதி, கால் என்று பின்னம் போடுவதற்கான எண், அவ்வளவுதான். (அரசாங்கம் அவரை 1964-ல் விடுதலை செய்தது, அது வேறு.)

அப்போ 14 எங்கிருந்து வந்தது? 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். மரண தண்டனை வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் கிடைத்திருந்தால், குறைந்தது 14 வருஷம் உள்ளே இருந்தாக வேண்டும். 2024 ஜூலையில் சட்டத்தின் பெயர் மாறி, இப்போது அது 475-வது பிரிவு. நன்றாகக் கவனியுங்கள், 14 வருஷம் ஆனால் விடுவார்கள் என்று அதில் இல்லை. அதற்கு முன் விடக்கூடாது என்றுதான் இருக்கிறது.

சரி, அந்த 14-ஐயாவது கணக்குப் போடுவோம் என்று அத்தையின் நோட்டைப் பிரித்தேன். எங்கள் டிபார்ட்மென்ட்டில் யாரும் இவ்வளவு சுத்தமாக லெட்ஜர் எழுதமாட்டார்கள். விசாரணைக் கைதியாக இருந்த 94 நாள், பிறகு ஜாமீன். அந்த 94 நாள் வரவில் சேரும். ஆயுள் கைதிக்கும் இது உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாமாவின் அம்மா செத்ததற்கு, பெண் கல்யாணத்துக்கு, வீட்டுக் கூரை விழுந்ததற்கு என்று வந்த பரோல் நாட்கள் மொத்தம் 131. அது செலவு. வெளியில் இருந்த நாள் 14-ல் சேராது என்று 2023 ஜனவரியில் கோவா வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்திருக்கிறது. நன்னடத்தைக்காகவும் சிறை வேலைக்காகவும் கிடைத்த குறைப்பு நாட்களை அத்தை தனிப் பக்கத்தில், சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதுவும் இந்த 14-க்கு உதவாது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. கூட்டிக் கழித்தால் 2027 ஏப்ரல் 17.

"அன்னைக்கு விட்ருவாங்களா?"

"இல்லத்தே. அன்னையிலேர்ந்து கேக்கலாம்."

இன்னொரு வழியும் இருக்கிறது. அரசியல் சட்டம் 161-ன்படி ஆளுநர் பெயரில் மாநில அரசு தண்டனையைக் குறைக்கலாம். 433-ஏ அதைக் கட்டுப்படுத்தாது என்று 1980-ல் மாரு ராம் வழக்கில் தீர்ப்பு. அந்த வழியாகத்தான் நம் ஊரில் தலைவர்கள் பிறந்தநாளுக்குக் கைதிகள் வெளியே வருகிறார்கள். 2008-ல் அண்ணா நூற்றாண்டுக்கு 7 வருஷம் முடித்த ஆயுள் கைதிகள் 1,405 பேர். 2018-ல் எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்கு வரம்பு 10 வருஷம், பிப்ரவரி 25-க்குள் முடித்திருக்க வேண்டும். மாமாவுக்கு அப்போது ஐந்துதான் ஆகியிருந்தது. இவரே 1998-ல் உள்ளே போயிருந்தால் 2008-லேயே வீட்டில் இருந்திருக்கலாம்! ஒரே குற்றம், ஒரே பிரிவு. எந்தத் தலைவருக்கு எப்போது நூறு வயசாகிறது என்பதில் ஒருத்தர் வாழ்க்கை ஆடுகிறது. வழக்கு வேறு மாதிரி என்றால் எதிர்த்திசையிலும் ஆடும். பேரறிவாளனை விடுவிக்க தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகையில் அது கிடந்தது. கடைசியில் 2022 மே 18-ல் உச்ச நீதிமன்றமே விடுவித்தது. கைதானது 1991-ல்.

அதற்காக எல்லாரையும் விட்டுவிடலாம் என்றும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மற்றவர்களையும் 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். தலித் ஒருவர் தலைவராக வந்ததுதான் அவர் செய்த குற்றம். ஆயுள் தண்டனை பெற்ற 17 பேரில் 3 பேர் 2008-ல் அண்ணா கணக்கில் வெளியே வந்தார்கள். 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர் கணக்கில். செத்தவர்கள் வீட்டில் அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜெர்மனியில் 15 வருஷம் ஆனதும், இவரை விடலாமா என்று நீதிமன்றம் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறது. தேதியும் தெரியும், காரணமும் தெரியும். இங்கேயும் அப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் என் கட்சி. விடுவதோ விடாததோ, அந்த மனுஷனைப் பார்த்துச் செய்யட்டும், காலண்டரைப் பார்த்து வேண்டாம்.

சொல்லாமல் விட்டது ஒன்று. செத்துப்போனவரின் மகன் ஒண்ணாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவன். இப்போது அந்த வயலை அவன்தான் பார்க்கிறான். மறுநாள் டீக்கடையில், "அந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தியாமே?" என்றான். ஆமாம் என்றேன். "என்ன தேதி வந்துச்சு?"

சொன்னேன். நான் அத்தைக்குச் சொன்ன அதே விளக்கத்தை, அது கேட்கலாம் என்கிற தேதிதான், விடுகிற தேதி இல்லை என்பதை, அவனுக்கும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே செல்போனை எடுத்து தேதியைக் குறித்துக்கொண்டான். டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.