மிங் ஜாடியும் பூந்தமல்லி ராஜவம்சமும்

சீனாவில் மிங் என்றொரு ராஜவம்சம் 1368 முதல் 1644 வரை ஆண்டது. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு நம்ம பூந்தமல்லியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார் என்பது போன வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. பின்னே? நானூறு வருஷத்து மிங் ஜாடியை, சொந்தத் தாத்தா சொத்து மாதிரி வேறு யாரால் எடுத்துக் கொடுக்க முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரிலிருந்து டூவீலரில் போய், மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டே அந்தக் கடை வாசலில் நின்றேன். உடைந்த ஃபேன், கால் போன நாற்காலி, நடுவில் நீல டிராகன் போட்ட ஒரு பீங்கான் ஜாடி.

"காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டை இடிச்சாங்க சார். பரண் மேல கெடந்துது. எல்லாருக்கும் காட்டறதில்ல. உங்க முகத்துல ரசனை தெரியுது, அதான்..."

பி.காம். படித்தவனை முகஸ்துதியில் சாய்க்கலாம் என்று அவருக்கு எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்களோ! 9,000 சொன்னதை 7,000-க்கு அடித்துப் பேசி, ஜெயித்த மிதப்போடு வீட்டுக்கு வந்தேன். அது கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணம். என் சகதர்மிணி ஜாடியைச் சுற்றி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏங்க, இது மாவு அரைக்குமா?"

மானம் காக்க, ஆவடிக்கு ஓடினேன். அங்கே ஒரு பெரியவர். டாங்க் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்து ரிட்டயரானவர். ஷெல்ஃப் நிறைய பழைய பீங்கான் வைத்திருக்கிறார். என் டிராகனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"தம்பி, பொண்ணு பார்க்கப் போனா முகத்தைப் பாரு. பீங்கான் பார்க்கப் போனா பாதத்தைப் பாரு."

அடியில் ஆறு சீன எழுத்து. ஒரு பழைய சார்ட்டை எடுத்து ஒப்பிட்டார். முதல் இரண்டு எழுத்து வம்சம், அடுத்த இரண்டு சக்கரவர்த்தி, கடைசி இரண்டு 'ஆண்டில் செய்தது'. என் ஜாடியில் இருந்ததோ சிங் வம்சத்துச் சக்கரவர்த்தி சியென்லுங் பெயர். ஆண்டது 1736 முதல் 1795 வரை. கடைக்காரர் சொன்னது மிங், ஜாடி சொல்வது சிங்! பர்த் சர்டிபிகேட்டில் அப்பா பேரே மாறிப்போன கேஸ்.

"அப்ப சிங்காவது நிஜமா சார்?"

"முத்திரையை நம்பாதே. சீனாக்காரனே முன்னோர் மேல மரியாதையில பழைய ராஜா முத்திரையைப் போட்டிருக்கான். 'சைனா'ன்னு இங்கிலீஷ்ல இருந்தா பெரும்பாலும் 1891-க்குப் பிந்தினது. செய்த நாட்டின் பெயரைப் போடணும்னு அமெரிக்காக்காரன் போட்ட சட்டம் அமலுக்கு வந்த வருஷம் அது."

பிறகு ஈரத் துணியால் அடி வளையத்தைத் துடைத்தார். நானூறு வருஷத்து அழுக்கு ஒரே துடைப்பில் துணிக்கு வந்தது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸைக் கொடுத்தார். கையால் தீட்டிய படத்தில் தூரிகை பட்ட இடம் தடிப்பாகவும் மெலிதாகவும் இருக்குமாம். என் டிராகனோ, பேப்பரில் வரும் போட்டோ மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அச்சடித்து ஒட்டியது! நிஜமான பழசில் கீறல்கள் நாலா பக்கமும் ஓடும். இதில் எல்லாம் ஒரே திசையில். உப்புத்தாள் வேலை.

"தட்டினா கணீர்னு கேக்குதே சார்?" என்றேன் பரிதாபமாக.

"பீங்கான்னு தெரியும். வயசு தெரியாது."

இன்னொரு யோசனையும் சொன்னார். 1972-ஆம் வருஷச் சட்டப்படி, நூறு வயசு தாண்டிய கலைப்பொருளை விற்கிற வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும். "அதைக் காட்டுங்கன்னு கேளு. நானூறு வருஷத்தை அவரே குறைச்சுடுவார்."

நிஜத்தைப் பார்க்காமல் போலி புரியாது என்று அவர் சொன்னதால், மறு ஞாயிறு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, கோட்டை மியூசியம் போனேன் (வெள்ளிக்கிழமை லீவு, ஜாக்கிரதை). கம்பெனிக்காரர்கள் காலத்துப் பீங்கான், ஆற்காடு நவாபின் பீங்கான் எல்லாம் அங்கே இருக்கின்றன. எதுவும் 'நான் பழசு' என்று கத்தவில்லை. சாப்பிட்ட தட்டு மாதிரி சும்மா இருந்தன.

அதைவிடப் பழசும் நம் மண்ணிலேயே உண்டு. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது, 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்தன. கப்பலில் வந்த நிஜச் சரக்கு. முழு ஜாடி இல்லை, உடைசல்தான். கதை சொல்லி விற்க யாரும் இல்லாமல் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது.

அசல் சோதனை அப்புறம்தான் வந்தது. எங்கள் தெருவில் ஒரு தம்பி, எஸ்டேட்டில் கம்பெனி வேலை. புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். என் ஹாலில் ஜாடியைப் பார்த்தான்.

"சூப்பரா இருக்குண்ணே! பழசா? 10,000 தரேன், குடுத்துடுங்க."

வாங்கினது 7,000. லாபம் 3,000. கிரைண்டரும் வரும், மானமும் மிஞ்சும். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவளும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! வாயைத் திறந்தேன்.

"காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டை இடிச்சாங்கப்பா..."

அய்யோ! குரல் என்னுடையது, வசனம் பூந்தமல்லியாருடையது. ஒரு வரியில் நானும் அந்த ராஜவம்சத்தில் சேர்ந்துவிட்டேனே! உடம்பு கூசியது.

பேச்சை நிறுத்தினேன். ஜாடியைக் கவிழ்த்து, லென்ஸை அவன் கையில் கொடுத்தேன். "புள்ளி தெரியுதா பாரு."

பார்த்தான். சிரித்தான். "நல்லவேளைண்ணே, அட்வான்ஸ் குடுக்கல!"

கணக்கில் 7,000 ரூபாயை வாராக்கடன் என்று எழுதிவிட்டேன். கிரைண்டர் தவணையில் வந்து, சத்தமாக ஓடிக்கொண்டிருக்கிறது. மிங் ஜாடி வாசலில் குடை ஸ்டாண்டாக நிற்கிறது. போன ஞாயிறு அந்தத் தம்பி பழைய சாமான் பார்க்க பூந்தமல்லிக்குக் கிளம்பினான். பையில் ஒரு லென்ஸும் ஒரு ஈரத் துணியும் வைத்திருந்தான்.